இரண்டு விதை

பெட்ர்ஜால்காவில், ஒன்பதாம் மாடியில்,
என் சமையல் மேசைமேல்
ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது கூண்டு.
கூடவே பென்சிலில் எழுதிய தாள்.
பக்கத்து வீட்டுத் திமேயாவுக்கு வயது பத்து.
அவள் எழுத்துகள்
பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல் நிற்கின்றன.

"இவன் பரோன். ஹாம்ஸ்டர். நூற்று முப்பத்தொரு கிராம்.
மாலையில் ஒரு தேக்கரண்டி தானியக் கலவை. குவியல் கூடாது.
கிண்ணம் காலியாகாமல் மறுபடி போடாதீர்கள்.
சூரியகாந்தி விதை நாளைக்கு இரண்டு. இரண்டேதான்.
ப்ரோக்கோலி, நகத்தளவு.
புதன்கிழமை அவித்த முட்டையின் வெள்ளை, துளி.
வெங்காயம், ஆரஞ்சு, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.
பார்ப்பான். ஏமாறாதீர்கள்."

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான்.
எட்டுப் பேர் என்று பலகை சொன்னால்
ஒன்பதாவது ஆள் மேயரானாலும் இறக்கிவிடுவேன்.
உள்ளங்கை அளவு உயிருக்கு
இரண்டு விதை எண்ணிப்போடத் தெரியாதா எனக்கு?

முதல் இரவு
கிண்ணத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தான்.
பார்லியைத் தள்ளினான்.
காய்ந்த பட்டாணியைத் தள்ளினான்.
எல்லாச் சத்தையும் அளவாய்ச் சேர்த்து அழுத்திய
பழுப்பு உருண்டையை மோந்து பார்த்து
சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்தவன்போல்
முகத்தைத் திருப்பினான்.
விதை இரண்டையும் மட்டும் வாங்கிக்கொண்டான்.
பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து நின்று
பார்த்தான்.

தாளை இன்னொரு முறை படித்தேன்.
மூன்றாவது விதை நான் கொடுத்தது.
நாலாவது எப்படிப் போனதென்று தெரியாது.

எனக்கும் ஒரு தாள் உண்டு.
டாக்டர் ஹ்ரின்கோவா எழுதியது, உப்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு.
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில்
ஆறு மாதமாய்த் தொங்குகிறது.
கதவுக்கு அந்தப்பக்கம், மோர்ப் புட்டிக்குப் பின்னால்,
புகைபோட்ட தொத்திறைச்சி.

செவ்வாய்க்கிழமை மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
நூற்று முப்பத்தேழு.
அன்றைக்கே சட்டம் போட்டேன்:
கிண்ணம் காலியாகும்வரை ஒரு விதையும் கிடையாது.
அவன் சக்கரத்தில் ஏறி ஓடினான்.
நடுநிசி தாண்டியும் ஓடினான்.
எண்ணெய் காணாத உருளையின் அந்தக் கிரீச்சு
என் தொழிலுக்கே அவமானம்.

காலையில் கிண்ணம் சுத்தமாய் இருந்தது.
ஒரு பட்டாணித் தோல்கூட இல்லை.
லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் சொன்னேன்,
"வழிக்கு வந்துவிட்டான்."
மூன்றாம் மாடி போசெனா என் தோளைத் தட்டினாள்.
பரிசாய் விதைகள். எண்ணவில்லை.

பத்தாம் நாள் மரத்தூளை மாற்றினேன்.
மூலையில், காகித மெத்தைக்கு அடியில்,
அவன் கிடங்கு.
பழுப்பு உருண்டை இருபத்திமூன்று,
ஒன்றிலும் பல் பட்டிருக்கவில்லை.
சுருங்கிய ப்ரோக்கோலி. புதன்கிழமை முட்டை, அதன் நாற்றத்தோடு.
எல்லாவற்றையும் கன்னத்தில் ஒதுக்கிச் சுமந்துபோய்
என் கண் முன்னாலேயே அடுக்கியிருக்கிறான்.

கோபம் வரவேண்டும். வரவில்லை.
என் மாத்திரைப் பெட்டியில்
ஞாயிறும் திங்களும் இன்னும் திறக்கவில்லை.

குரோவேஷியக் கடற்கரையிலிருந்து பேசினாள் திமேயா.
பின்னால் அலைச்சத்தம்.
"அழுகினதை மட்டும் எடுங்க, மாமா.
மிச்சத்தை விட்டுவைங்க, இல்லேன்னா பயந்துடுவான்.
விதை வேண்டாம். பசிச்சா அதையே தின்பான்."
கொஞ்சம் நிறுத்தி,
"எத்தனை குடுத்தீங்க?"

லைன் சரியில்லை என்றேன்.

அன்று இரவு இரண்டு மணி.
விளக்குப் போடாமல் குளிர்பெட்டியைத் திறந்து
மூடி
மேசையருகே நின்றுகொண்டிருந்தேன்.
இருட்டில் கூண்டுக்குள் சின்னதாய் ஒரு நொறுக்கு.
உருண்டைதான். விதை உடைவது அப்படிக் கேட்காது.
இன்னொரு கடி. இன்னொன்று.

என் வாயில் இருந்ததை
மெல்லாமல் நிறுத்தினேன்.
அவனும் நிறுத்தினான்.